எட்டுப் பேனல், எட்டு நிழல்

ஐந்தாம் நம்பர் பேனலைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். 2019 பிப்ரவரியில் மயிலாப்பூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் எட்டு சோலார் பேனல் போட்டேன். ஒவ்வொன்றும் 330 வாட். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு மைக்ரோ இன்வெர்ட்டர். மார்ச் முடிகிற வரை எட்டும் ஒன்று போலவே வேலை செய்தன. செல்போனில் பார்த்தால் எட்டுக் கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று படிந்து ஒரே கோடாகத் தெரியும். ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் காலை ஏழரை மணிக்கு மேல் அதில் ஒரு கோடு மட்டும் பிரிந்து கீழே இறங்கியது. ஒன்பதேகாலுக்கு மேலேறி மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது. மறுநாளும் அப்படியே. மே பிறந்ததும் பள்ளம் இன்னும் ஆழமானது.

இன்வெர்ட்டர் போய்விட்டது என்றே நினைத்தேன். கனெக்டரைக் கழற்றிப் பார்த்தேன், உள்ளே பளபளவென்று இருந்தது. ஐந்தாம் பேனலின் இன்வெர்ட்டரையும் ஆறாம் பேனலின் இன்வெர்ட்டரையும் இடம் மாற்றிப் போட்டேன். பள்ளம் ஐந்தாம் பேனலிலேயே இருந்தது. நாலாம் நாள் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு ஏழு மணிக்கே மாடிக்குப் போய் உட்கார்ந்தேன். ஏழரைக்குத் தெரிந்துவிட்டது. மாடிப்படி அறைக்கு மேலே நிற்கிற தண்ணீர்த் தொட்டியின் நிழல் தரையில் நகர்ந்து வந்து அந்தப் பேனலின் விளிம்பில் ஏறிக்கொண்டிருந்தது.

தொட்டி இருப்பது வடகிழக்கு மூலையில். நான் மாடியை அளந்தது டிசம்பரில். சாக்பீஸை வைத்துக்கொண்டு காலை எட்டு மணியிலிருந்து மாலை நாலு மணி வரை ஒவ்வொரு மணிக்கும் நிழலின் ஓரத்தைக் கோடு போட்டுத்தான் இடம் பார்த்தேன். டிசம்பரில் சூரியன் தென்கிழக்கில் எழுகிறது. தொட்டியின் நிழல் வடமேற்கே, பேனல் இல்லாத பக்கம் விழுகிறது. வடக்கே இருக்கிற பொருளால் தொல்லையில்லை என்று முடிவு கட்டினேன். தில்லியில் இருப்பவர் அப்படி முடிவு கட்டினால் பெரிய பிழையில்லை. சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிற ஊர். ஏப்ரல் 24 வாக்கில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, அதையும் தாண்டி வடக்கே போய்விடுகிறது. திரும்பி வந்து தலைக்கு மேலே நிற்பது ஆகஸ்ட் 18 வாக்கில். நடுவில் கிட்டத்தட்ட நாலு மாதம் உச்சி வெயிலே வடக்கிலிருந்துதான் அடிக்கிறது. உத்தராயணம், தட்சிணாயனம் என்று பஞ்சாங்கத்தில் பார்த்தே வளர்ந்தவன் நான். அந்த அயனம் என் வீட்டுத் தொட்டியின் நிழலையும் வடக்கிலிருந்து தெற்கே தள்ளும் என்பது மொட்டை மாடியில் உட்கார்ந்த அன்றுதான் எனக்கு உறைத்தது.

கிண்டி தொழிற்பேட்டையில் இருபத்தாறு வருடம் மோட்டார் ஸ்டார்ட்டர் போர்டு வயரிங் செய்தவன் நான். மின்சாரம் எனக்குப் புதிதில்லை. நிழல்தான் புதிது. எங்கள் வீட்டுக்குப் பிறகு தெரிந்தவர்கள் வீடுகள் சிலவற்றுக்கும் செய்து கொடுத்திருக்கிறேன். இத்தனை வருடத்தில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்று: சென்னையில் வெயிலைப் பற்றி யாரும் கணக்குப் போட்டுக் கவலைப்பட வேண்டாம், அது வந்துவிடும். உட்கார்ந்து படிக்க வேண்டியது நிழலைத்தான். ஒவ்வொரு வீட்டு நிழலும் வேறு.

மைக்ரோ இன்வெர்ட்டரை நான் தேர்ந்தெடுத்ததும் நிழலை நினைத்துத்தான். வழக்கமான முறையில் பேனல்களை மாலை தொடுப்பது போலத் தொடராகக் கோர்த்து, கீழே சுவரில் மாட்டிய ஒரே இன்வெர்ட்டருக்குக் கொண்டு வருவார்கள். கோர்த்த பேனல் எல்லாவற்றுக்குள்ளும் ஓடுவது ஒரே கரண்ட். நடுவில் ஒன்றின் மேல் நிழல் விழுந்தால் அந்த ஓட்டமே தடுமாறும். பேனலுக்குள் இருக்கிற பைபாஸ் டயோடுகள் நிழல் விழுந்த பகுதியைத் தாண்டி கரண்டை விட்டுவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு பேனலில் நிழல் விழுந்தால் எட்டும் படுத்துவிடும் என்று விற்பவர்கள் சொல்வது மிகை. ஆனால் இழப்பு அந்த ஒரு பேனலோடு நின்றுவிடாது. எந்தப் பேனலில் இழப்பு என்றும் தெரியாது. மொத்தத்தில் குறைந்திருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். மைக்ரோ இன்வெர்ட்டர் ஒவ்வொரு பேனலையும் தனித்தனியாக நடத்துகிறது. அதன் வெயிலுக்கு ஏற்ற வோல்டேஜை அதுவே தேடிக்கொண்டு, அங்கேயே மாடியிலேயே 230 வோல்ட் ஏசியாக மாற்றிக் கீழே அனுப்புகிறது. தொட்டி நிழல் ஐந்தாம் நம்பரோடு போயிற்று. மற்ற ஏழும் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

இன்னொரு காரணமும் எனக்கு முக்கியம். எட்டுப் பேனலைத் தொடராகக் கோர்த்தால் மாடியில் 300 வோல்ட் வாக்கில் டிசி ஓடும். டிசியில் எங்காவது ஒரு இணைப்பு தளர்ந்து பொறி கிளம்பினால் அது தானாக அணையாது, எரிந்துகொண்டே இருக்கும். ஏசி நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுப் போவதால் பொறி அறுபட வாய்ப்பு உண்டு. கிண்டியில் டிசி கான்டாக்டர் ஒன்றின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டதை நேரில் பார்த்திருக்கிறேன். அம்மா துணி உலர்த்துகிற இடத்தில் அது வேண்டாம் என்று நினைத்தேன். மைக்ரோ முறையில் டிசி என்பது பேனலுக்கும் அதன் முதுகுக்கும் நடுவில் ஒரு முழ நீளம்தான். வோல்டேஜ் நாற்பது வாக்கில்தான்.

இந்தப் பொருள் பரவலானது கலிபோர்னியாவிலிருந்து. என்ஃபேஸ் நிறுவனம் 2006இல் தொடங்கி, 2008இல் தன் முதல் மைக்ரோ இன்வெர்ட்டரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. தொடங்கியவர்களில் ஒருவர் ரகு பேலூர். 2017 முதல் அதன் தலைமைப் பொறுப்பில் இருக்கிற பத்ரி கோதண்டராமன் நம் ஐஐடி மெட்ராஸில் படித்தவர். அதே ஐஐடியில்தான் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு இதற்கு நேர் எதிரான வழியைப் பிடித்தது. பேனல் தருவது டிசி, எல்இடி விளக்கும் புதுவகை ஃபேனும் கேட்பதும் டிசி, நடுவில் ஏசி எதற்கு என்று கேட்டு, வீட்டுக்குள் 48 வோல்ட் டிசி வயரிங் ஓட்டிக் காட்டினார்கள். கரண்ட் எட்டாத குடிசைகளுக்கு அதுதான் சரியான வழி என்பது என் எண்ணம். ஏற்கெனவே ஏர் கண்டிஷனரும் கிரைண்டரும் ஓடுகிற மயிலாப்பூர் வீட்டுக்கு மைக்ரோதான் வழி. அடையாறு, கிண்டி ஓரத்து அந்த மரங்களுக்கு அடியிலிருந்து இந்த இரண்டு யோசனைக்கும் ஆள் கிடைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெருமையாக இருக்கும்.

எல்லா வீட்டுக்கும் மைக்ரோ வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். விலை கூடுதல். பேனலுக்கு அடியில் மே மாதச் சூட்டில் கிடக்கிற பொருள், பழுதானால் பேனலைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். கமுதியில் 2016இல் 648 மெகாவாட்டுக்கு ஒரு சோலார் மின்நிலையம் எழுப்பினார்கள். பொட்டல் வெளி, அங்கே பேனல் ஒவ்வொன்றுக்கும் தனி இன்வெர்ட்டர் என்ற பேச்சே எழாது. புறநகரில் நாலு பக்கமும் திறந்த மாடி வைத்திருப்பவரும் வழக்கமான இன்வெர்ட்டரே போட்டுக்கொள்ளலாம். தொட்டி, தென்னை, பக்கத்து வீட்டு மாடி அறை, எதிர்வீட்டு விளம்பரப் பலகை என்று நாலாபுறமும் நிழல் முட்டுகிற இடத்தில்தான் மைக்ரோவுக்குக் கொடுக்கிற பணம் திரும்ப வருகிறது.

மாடியில் இடம் பிடிப்பதே தனிக் கதை. "சித்திரையில வடாம் எங்கடா பிழியறது?" என்றார் அம்மா. நியாயமான கேள்வி. நல்ல வெயில் விழுகிற அதே இடத்தைத்தான் வடாமும் கேட்கிறது, பேனலும் கேட்கிறது. எட்டடி உயரத்துக்குத் தூண் எழுப்பி மேலே பந்தல் மாதிரி போட்டால் கீழே இடம் மிஞ்சும் என்று ஒரு கான்ட்ராக்டர் சொன்னார். 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயலில் எங்கள் தெருவில் தகர ஷீட்டுகள் காகிதம் போலப் பறந்ததைப் பார்த்த எனக்கு அவ்வளவு உயரத்துக்குத் துணிவு வரவில்லை. மூன்றடி உயரத்தில், தெற்கு நோக்கி 10 டிகிரி சாய்வில், இரண்டு வரிசையாகப் போட்டேன். தட்டோடு பதித்த தளத்தைக் கண்ட இடத்தில் துளைத்தால் மழைக்கு ஒழுகும். அதனால் கீழே தூண் வருகிற இடங்களைப் பார்த்து அங்கே மட்டும் தட்டோட்டைப் பெயர்த்து, கான்கிரீட் பீடம் கட்டி, அதில் போல்ட்டைப் புதைத்தேன். கிழக்கு ஓரம் முழுவதையும் அம்மாவுக்கு விட்டேன். கடல் இங்கிருந்து நடந்து போகிற தூரம். உப்புக்காற்று சாதாரணப் பெயின்ட் அடித்த இரும்பை மூன்று மழைக்காலம் தாண்ட விடாது. உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த சட்டம், 316 ரக எஸ்எஸ் போல்ட், இந்த இரண்டிலும் நான் பேரம் பேசவில்லை. வாஷர் வாங்கும்போது கடைக்காரர் 304 ரகம் போதும் என்றார். போதாது என்று அப்போதே சொன்னேன். அவசரத்துக்குப் போட்ட நாலு 304 வாஷரில் மட்டும் இரண்டாம் வருடமே தேநீர்க் கறை போல ஒரு வளையம் ஏறியிருந்தது.

வயரிங்கில் நான் செய்த தவறு ஒன்றையும் எழுதியாக வேண்டும். என்னைப் போல அனுபவம் உள்ளவர்கள்தான் அதில் விழுவார்கள். எட்டு இன்வெர்ட்டரும் முழு வெயிலில் சேர்ந்து தருவது 10 ஆம்பியர். பத்து ஆம்பியருக்கு 2.5 ஸ்கொயர் கேபிள் தாராளம் என்று கைப்பழக்கத்தில் இழுத்துவிட்டேன். மாடியிலிருந்து கீழே மீட்டர் போர்டு வரை 30 மீட்டர். மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வானம் துடைத்தாற்போல இருந்த மதியம், எட்டும் திடீரென்று நின்றன. சில நிமிடம் கழித்து வந்தன, மறுபடி நின்றன. போனில் பார்த்தால் 'வோல்டேஜ் அதிகம்' என்று காரணம் எழுதியிருந்தது.

மோட்டார் ஓட்டும்போது கேபிளில் வோல்டேஜ் குறையும். சோலாரில் கரண்ட் எதிர்த்திசையில், வீட்டிலிருந்து தெருவுக்குப் போகிறது. தெருவின் வோல்டேஜை மீறினால்தான் அது வெளியே போக முடியும். ஆகவே கேபிளில் விழுகிற வோல்டேஜ் முழுவதும் மாடி முனையில் கூடுதலாக ஏறிக்கொள்கிறது. என் 2.5 ஸ்கொயர் கேபிளில் அது நாலரை வோல்ட். சுற்றியுள்ள கடைகள் மூடிக்கிடக்கிற ஞாயிறு மதியம் தெருவிலேயே 249 இருந்தது. நாலரையைக் கூட்டினால் 253ஐத் தாண்டுகிறது. 230க்குப் பத்து சதவீதம் மேலே போனால் இன்வெர்ட்டர் தன்னைத்தானே பிரித்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. அது விதிப்படிதான் நடந்துகொண்டது. 6 ஸ்கொயர் கேபிள் வாங்கி மாற்றினேன். ஏற்றம் இரண்டு வோல்ட்டுக்குள் அடங்கியது. அதற்குப் பிறகு அந்த எச்சரிக்கை வந்ததேயில்லை. கேபிளைச் சூடு தாங்குமா என்று பார்த்து வாங்குவது ஸ்டார்ட்டர் போர்டுக்குப் போதும். சோலாருக்கு வோல்டேஜ் ஏற்றத்தைப் பார்த்து வாங்க வேண்டும்.

போனில் தெரிகிற இந்த விவரமெல்லாம் கீழே வருவது தனி வயரில் இல்லை. கரண்ட் ஓடுகிற அதே கம்பியில்தான் ஒவ்வொரு இன்வெர்ட்டரும் தன் செய்தியைச் சன்னமான அதிர்வாக ஏற்றி அனுப்புகிறது. கீழே ஒரு சிறிய பெட்டி அதைக் கேட்டு வைஃபை வழியாக அனுப்புகிறது. முதல் மாதம் ஏழாவதும் எட்டாவதும் மட்டும் பகலில் பேசும், மாலை ஆறானால் பேசாது. வெயில் இறங்கினால் எல்லாமே ஓய்ந்துவிடும் என்றாலும் கடைசி நேரக் கணக்கு தினமும் விடுபட்டது. வீட்டில் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்ததில், கூடத்தில் அந்த நேரம் போடுகிற மலிவான எல்இடி பட்டை விளக்கின் டிரைவர்தான் கம்பி முழுக்க இரைச்சல் போட்டுக்கொண்டிருந்தது. விளக்கை மாற்றினேன், பெட்டியை மீட்டர் அறையிலிருந்து முதல் மாடி போர்டுக்குக் கொண்டு போனேன். சரியாயிற்று. வீட்டின் மின்செலவை அளக்கிற சிடி வளையத்தை மாட்டும்போது அதன் மேல் இருக்கிற அம்புக்குறியையும் பாருங்கள். தலைகீழாக மாட்டினால் ஃபிரிட்ஜ் கரண்ட் தயாரிப்பதாகக் காட்டும். அதோடு இன்னொன்று. நம் ஊர் வீடுகளில் பேட்டரி யூபிஎஸ் இல்லாத வீடு குறைவு. சோலார் இணைப்பு அந்த யூபிஎஸ் கொடுக்கிற பக்கம் போய்விடக் கூடாது, ஈபி வருகிற பக்கம்தான் சேர வேண்டும். வேறு ஒரு வீட்டில் யாரோ மாற்றி இணைத்திருந்ததை நான் போய்ப் பிரித்தேன். நல்லவேளை, அதற்குள் கரண்ட் போகவில்லை.

பேனலில் 330 வாட் என்று எழுதியிருக்கும். அது 25 டிகிரி சூட்டில் அளந்த எண். சென்னையில் கண்ணாடியின் அடியில் செல்லுக்கு 25 டிகிரி என்பது விடியற்காலையில் மட்டும்தான். மே மாத மதியத்தில் அது 60ஐத் தாண்டும். ஒவ்வொரு டிகிரிக்கும் கிட்டத்தட்ட 0.4 சதவீதம் குறையும். தூசி, இன்வெர்ட்டர் இழப்பு எல்லாம் போக 265, 270 வாட் வந்தால் நல்ல பேனல். அதனால்தான் கத்தரி வெயிலில் அதிகம் வரும் என்று காத்திருப்பவர்கள் ஏமாறுகிறார்கள். என் மாடியில் சிறந்த நாட்கள் பிப்ரவரி, மார்ச்சில்தான். வானம் தெளிவு, காற்று இதம். மாசி மாதக் கோடு ஒன்றைப் பார்த்தால் கவிழ்த்து வைத்த உருளி மாதிரி அவ்வளவு ஒழுங்காக இருக்கும். உச்சியும் பன்னிரண்டில் விழாது. நாம் கடிகாரம் வைத்திருக்கிற தீர்க்கரேகைக்குச் சென்னை கிழக்கே இல்லை, மேற்கே தள்ளி இருக்கிறது. பிப்ரவரி நடுவில் உச்சி 12.23க்கு வரும், நவம்பர் தொடக்கத்தில் 11.53க்கே வந்துவிடும். வருடம் முழுக்க அந்த உச்சி முன்னும் பின்னும் மெல்ல ஊசலாடுவதைப் பார்ப்பது எனக்கு அலுக்கவே இல்லை. ஐப்பசி, கார்த்திகையின் மழை நாட்களில் வருமானம் பாதிக்கும் கீழே போய்விடும். போகிப் புகை மண்டிய காலையில் கோடு ஒரு மணி நேரம் தாமதமாக எழும்.

போட்ட முதல் கோடையே தண்ணீர் இல்லாத கோடை. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்தன. தெருமுனையில் குடத்தை வரிசையாக வைத்துவிட்டு லாரிக்குக் காத்திருந்தோம். பேனலில் விரல் வைத்தால் மாவு மாதிரி தூசி. குடிக்கிற தண்ணீரை எடுத்துக் கண்ணாடி கழுவ மனம் ஒப்பவில்லை. போர் தண்ணீரோ உப்பு, காய்ந்தால் வெள்ளைப் படலமாகப் படிந்து தூசியை விட மோசமாகிவிடும். அப்போதுதான் ஏசி மெஷினிலிருந்து சொட்டுகிற தண்ணீர் நினைவுக்கு வந்தது. காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுகிற தண்ணீர், அதில் உப்பு கிடையாது. குழாயின் அடியில் வாளி வைத்தேன். ஒரு ராத்திரிக்கு அரை வாளிக்கு மேல் சேர்ந்தது. விடிவதற்குள், கண்ணாடி குளிர்ந்திருக்கும்போதே, பழைய பருத்தி வேட்டியை நனைத்துப் பிழிந்து எட்டையும் துடைத்து முடிப்பேன். ஒரு நாள் சோதிப்பதற்காக மூன்றாம் நம்பரை மட்டும் துடைத்துவிட்டு நாலாம் நம்பரை அப்படியே விட்டேன். பதினொரு மணிக்கு மூன்றாவது 14 வாட் கூடுதலாகக் காட்டியது. துடைத்த கைக்கு உடனே கூலி கிடைத்த மாதிரி இருந்தது. இன்றும் ஏசி தண்ணீரைத்தான் பயன்படுத்துகிறேன். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காகத் திருமயிலைப் பக்கம் தோண்ட ஆரம்பித்த பிறகு மாதம் இரண்டு தடவை துடைப்பது நாலு தடவையாயிற்று.

அதே 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணம். கோவை, திண்டுக்கல் பக்கம் வளையமாகத் தெரிந்தது, சென்னைக்குப் பகுதி கிரகணம். அம்மா முதல் நாளே தண்ணீர்க் குடத்திலும் மாவுப் பாத்திரத்திலும் தர்ப்பை போட்டுவிட்டார். எட்டு மணிக்கு மேல் கிரகணம் பிடித்தது. நான் கூடத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறிக்கொண்டிருந்த எட்டுக் கோடும் ஏறுவதை நிறுத்தின, திரும்பின, இறங்கின. ஒன்பதரை வாக்கில் அடிமட்டத்தைத் தொட்டு மெல்ல மேலே வந்தன. பத்து மாதமாக நான் பார்த்த நிழல் எல்லாம் ஒன்றைத் தொடும், இன்னொன்றை விடும். தொட்டி நிழல் ஐந்தாவதுக்கு, தென்னை நிழல் எட்டாவதுக்கு, காக்கை உட்கார்ந்தால் ஏதோ ஒன்றுக்கு. எட்டையும் ஒரே அளவில் தொட்ட நிழல் அன்று ஒன்றுதான். அம்மாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "சந்திரனோட நிழலாடா இது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு காலையில் என்னை விட முதலில் போனைத் திறப்பவர் அவர்தான். "அஞ்சாம் நம்பர் எழுந்துடுத்தா பாரு" என்பார்.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோவாட்டுக்குச் சராசரியாக ஒரு நாளைக்கு நாலு யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். நம் ஈபி கட்டணம் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிச் சலுகையும் சேர்ந்து பறிபோகிற அமைப்பு. சோலார் கழிப்பது உச்சியில் இருக்கிற, விலை கூடிய யூனிட்டுகளை. அதனால் ஏசி ஓடுகிற வீட்டுக்குப் பலன் சீக்கிரம் தெரியும், 200 யூனிட்டுக்குள் குடித்தனம் நடத்துகிறவர் பணத்துக்காக இதைப் போட வேண்டியதில்லை. 2024 பிப்ரவரியில் வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்தில் இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்று கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். செல்லும் பேனலும் உள்நாட்டில் செய்ததாக இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன் வீட்டின் அனுமதிக்கப்பட்ட மின்பளு எவ்வளவு என்று பழைய ஈபி அட்டையில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பலருக்கு அங்கேதான் வண்டி நிற்கிறது.

தி.நகரில் அக்கா இருக்கும் அடுக்ககத்தில் மாடி பன்னிரண்டு வீட்டுக்கும் பொது. லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு, இந்தப் பொது மீட்டருக்குச் சங்கத்தின் பேரில் போட்டோம். மேற்கே ஒரு ஜவுளிக்கடைக் கட்டடம் மலை மாதிரி எழும்பி நிற்கிறது. மூன்று மணி ஆனதும் மேற்கு ஓரப் பேனல் முதலில் விழும், அடுத்தது ஏழெட்டு நிமிடம் கழித்து, பிறகு அடுத்தது. பந்தியில் ஓரத்திலிருந்து இலை எடுத்துக்கொண்டு வருவது போல. ஒரே இன்வெர்ட்டராக இருந்தால் மூன்று மணிக்கே மொத்தமும் குழம்பியிருக்கும். இங்கே கடைசிப் பேனல் நாலரை வரை உழைக்கிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. ஐந்தாம் தேதி மழை விட்டு வெயில் வந்தது. பேனல் ஒன்றுகூட அசையவில்லை, நாலு மூலை போல்ட்டையும் கையால் ஆட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு மாமி மாடியிலிருந்து கேட்டார்: "உங்காத்துலதான் சோலார் இருக்கே, கரண்ட் வரலையா?" வரவில்லை. தெருவில் கரண்ட் இல்லாவிட்டால் இந்த இன்வெர்ட்டர்கள் வெயில் எவ்வளவு அடித்தாலும் வாயைத் திறக்காது. தனியாக பேட்டரியும் தெருவைத் துண்டிக்கிற சுவிட்சும் இருந்தால்தான் வீட்டுக்குள் ஓட்ட முடியும். விற்பவர்கள் இதை முதலிலேயே சொல்ல வேண்டும், பலர் சொல்வதில்லை. அன்று மதியம் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு ஈபி தொழிலாளி ஒருவர் எங்கள் தெருமுனை பில்லர் பாக்ஸுக்குள் கை விட்டு வேலை செய்துகொண்டிருந்தார். என் மாடியில் எட்டுப் பேனலின் மேலும் நல்ல வெயில். அந்தக் கம்பியில் என் வீட்டிலிருந்து ஒரு பொட்டு கரண்டும் போகவில்லை. மாமியைக் கூப்பிட்டு அவரைக் காட்டித்தான் விளக்கினேன்.

அடையாறு காந்தி நகரில் ஒரு வீட்டுக்குப் போட்டது 2021இல். வீட்டுக்காரம்மா வயதானவர், தனியாக இருக்கிறார். மேற்கு மதிலை ஒட்டி, வீட்டை விட உயரமாக ஒரு தூங்குமூஞ்சி மரம். முன்பு வந்து பார்த்த இரண்டு கம்பெனியும் மரத்தை வெட்டினால் போடலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். "மரத்த விட்டுட்டு என்ன முடியுமோ அத பண்ணுங்க தம்பி" என்றார். மூன்று பருவத்துக்கும் நிழல் கணக்குப் போட்டு, ஆறு பேனல் போடலாம் என்றேன். பத்துக்கு இடம் இருந்தது. மாலை நிழல் முதலில் தொடுகிற மேற்கு ஓரப் பேனலுக்கு ஒன்றாம் நம்பர் கொடுத்தேன்.

ஒவ்வொரு மார்ச் 20ஆம் தேதி வாக்கில், வானம் தெளிவாக இருக்கிற ஒரு நாளைத் தேர்ந்து, அந்த ஒன்றாம் நம்பர் எத்தனை மணிக்குச் சரிகிறது என்று குறித்து வைக்கிறேன். சூரியன் வருடா வருடம் அன்று கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் இருக்கும். 2022இல் 3.40. அடுத்த வருடம் 3.35. அதற்கடுத்து 3.26. போன மார்ச்சில் 3.18. மரம் வளர்கிறது. மேற்கே எந்தக் கிளை நீண்டிருக்கிறது என்றுகூட இரண்டாம் நம்பர் கோட்டையும் வைத்துக்கொண்டு சொல்லிவிடலாம்.

அந்த அம்மாவிடம் நாலு வருடக் கோட்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக் காட்டி, கிளையைக் கொஞ்சம் கழிக்கச் சொல்லட்டுமா என்று கேட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். இருபத்திரண்டு நிமிடம் என்று விரல் விட்டு எண்ணினார். பிறகு எழுந்து போய் ஜன்னலைத் திறந்து அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். "ஒண்ணாம் நம்பர கிழக்கால தள்ளிப் போட முடியுமா தம்பி?" என்றார். ஆறாவதுக்கு அப்பால் மூன்றரை அடி இடம் இருக்கிறது. வரும் தை மாதம் மாற்றிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.